பியூமொண்ட் பிள்ளைகளும் ஊர்வாயும்

1966 ஜனவரி 26 இல், அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரையடுத்த கிளெனெல்க் கடற்கரைக்குச் சென்ற 9, 7, 4 வயதுடைய மூன்று பியூமொண்ட் பிள்ளைகள் வீடு திரும்பவேயில்லை. உயரமான ஒருவனுடன் அவர்களைக் கண்டதாகச் சிலர் கூறினர். பொலிஸாருக்குப் பெரிதாகத் துப்பில்லை, ஊகங்களுக்கோ குறைவில்லை.

பத்திரிகைகளின் ஆரவாரத்தோடு அவ்வாண்டே ஒல்லாந்திலிருந்து வந்திறங்கிய ஞானதிருஷ்டிக்காரர் ஜெராட் குரோய்செற், ஒரு களஞ்சியக் கட்டடத்தின் கீழே அவர்கள் புதையுண்டிருப்பதாகச் சொன்னார். பொதுமக்களிடம் 40,000 டொலர் திரட்டித் தோண்டினார்கள். எதுவும் கிடைக்கவில்லை.

குரோய்செற்றையாவது மன்னிக்கலாம். 1968 இல் மூத்த மகள் எழுதியதுபோல் வந்த கடிதங்களை நம்பி, பெற்றோர் விக்ரோறியா மாநிலத்தின் டன்டெனொங் சென்று காத்திருந்தனர். எவரும் வரவில்லை. அது ஓர் இளைஞனின் வேடிக்கை என்பது 1992 இல்தான் கைரேகையால் அம்பலமானது.

தாய் 2019 இலும் தந்தை 2023 இலும் காலமாயினர். 2025 பெப்ரவரியிலும் ஒரு பழைய தொழிற்சாலை வளவைத் தோண்டிப் பார்த்தார்கள்.