அதிகார உயர்வு வழுக்கள்

கணினிக்குள் சாதாரணப் பயனராக நுழைந்தவர், தமக்குத் தரப்படாத உரிமைகளைக் கைப்பற்ற வழிவிடும் மென்பொருள் பிழையே அதிகார உயர்வு வழு. யூனிக்ஸ், லினக்ஸ் இயங்குதளங்களில் அந்த உரிமைகளின் உச்சி 'ரூட்' கணக்கு. ரூட் ஆகிவிட்டவருக்கு அந்தக் கணினியில் பூட்டிய கோப்பு என்று எதுவும் இல்லை.

பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்ட 1960களிலேயே மல்டிக்ஸ் இயங்குதளம் உரிமைகளை வளையம் வளையமாகப் பிரித்தது. அமெரிக்க விமானப்படைக்காகப் பால் கார்கரும் ரோஜர் ஷெல்லும் 1974இல் எழுதிய ஆய்வறிக்கை, அந்தக் காவலையும் மீறலாம் என்று காட்டியது.

யூனிக்ஸின் சிக்கல் வேறு. கடவுச்சொல் கோப்பில் எழுதும் உரிமை ரூட்டுக்கு மட்டும். அப்படியானால் ஒருவர் தம் கடவுச்சொல்லை எப்படி மாற்றிக்கொள்வது? பெல் ஆய்வகத்தின் டென்னிஸ் ரிட்சி கண்ட விடை 'செட்யுஐடி'. ஒரு நிரலுக்கு இந்த அடையாளத்தை இட்டுவிட்டால், அதை யார் இயக்கினாலும் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும். இதற்கு 1979இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அழகான தீர்வுதான். ஆனால் ரூட்டுக்குச் சொந்தமான இத்தகைய நிரல் எதிலும் பிழை இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் கூடவே வந்தது.

அந்த நிபந்தனை தவறியதற்குச் சிறந்த சான்று, பயனரின் அனுமதிகளைச் சரிபார்க்கும் போல்கிட் தொகுப்பிலுள்ள 'பிகேஎக்ஸெக்' நிரல். எந்த நிரலைத் தொடங்கினாலும் அதனிடம் ஒரு பட்டியல் தரப்படும். அதில் முதலில் இருப்பது வழக்கமாக நிரலின் பெயர். பட்டியல் காலியாக வரலாம் என்று பிகேஎக்ஸெக்கை எழுதியவர்கள் எண்ணவில்லை. காலியாக வந்தால் நிரல் எல்லை தாண்டி, அடுத்திருக்கும் சூழல் மாறிகளைப் படித்தது; படித்த இடத்திலேயே எழுதவும் செய்தது. ஆபத்தானவை என்று தொடக்கத்திலேயே களையப்படும் மாறிகளை இந்த வழியே திரும்ப நுழைத்து, தாக்குபவர் தம் நிரல்துண்டை ரூட் அதிகாரத்தோடு ஓடவைக்கலாம். 2009இல் வெளிவந்த முதல் பதிப்பிலிருந்தே இருந்த இந்த வழுவை, குவாலிஸ் நிறுவனம் 2022 ஜனவரியில்தான் அறிவித்தது. காலிப் பட்டியலின் விபரீதத்தை 2013இலேயே ஒருவர் எழுதியிருந்தார் என்பதுதான் வேடிக்கை. குவாலிஸின் இந்த அறிவிப்புக்கு முந்தைய ஆண்டு, ரூட்டாகக் கட்டளைகளை இயக்க உதவும் சுடோ நிரலில் 2011 முதல் ஒளிந்திருந்த வழுவைக் கண்டதும் அதே நிறுவனம்தான்.

இயங்குதளத்தின் மையமான கெர்னலும் தப்பவில்லை. 'டர்ட்டி கவ்' என்ற வழுவில், படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பின் நகலில் எழுதும்போது, நினைவக மேலாண்மையின் நேரப்பிசகால் எழுத்து மூலக் கோப்பிலேயே விழுந்துவிடும். அதை 2005 வாக்கில் சரிசெய்ய முயன்றதாகவும், வேறொரு வகைக் கணினியில் எழுந்த சிக்கலால் அந்தத் திருத்தம் நீக்கப்பட்டதாகவும் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே பதிவு செய்திருக்கிறார். ஃபில் ஓஸ்டர் 2016இல் இதைக் கண்டபோது, தாக்குபவர்கள் ஏற்கெனவே இதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். 2022இன் 'டர்ட்டி பைப்' வழு வெளிப்பட்டதோ, பதிவுக்கோப்புகள் பழுதாகின்றன என்ற வாடிக்கையாளர் புகாரால். அதைத் துருவிப்போன மேக்ஸ் கெல்லர்மனின் தேடல் கெர்னலில் போய் முடிந்தது.

செட்யுஐடியையே தவிர்க்கும் 'ரன்ஜீரோ' என்ற கருவி 2024இல், லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியோடு வந்தது. பயனருக்கு அனுமதி உண்டா என்று அது கேட்பது போல்கிட்டிடம்.