தொலைக்காட்சியில் இதிகாசங்கள்: ஆய்வாளர் பார்வைகள்

இத்தாலியத் தொலைக்காட்சி 1968-இல் ஹோமரின் ஒடிசியைத் தொடராக்கியது. இந்தியாவில் இதிகாசத்தைத் தொடராக்கும் அதே முயற்சி, வழிபாட்டின் அளவுக்கு உயர்ந்தது. ராமானந்த் சாகரின் 'ராமாயண்' 1987 ஜனவரி 25 அன்று தூர்தர்ஷனில் தொடங்கியது. ஞாயிறு காலையில் தெருக்கள் வெறிச்சோடின; பலர் குளித்து, தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலையிட்டு அமர்ந்தனர்.

வரலாற்றாசிரியர் ரொமிலா தாப்பர் 1989-இல் எழுப்பிய எதிர்ப்பு கூர்மையானது. எண்ணற்ற ராமகதைகள் வாழும் நாட்டில், அரசு ஊடகம் ஒன்றை மட்டும் தேசியக் கதையாக நிறுவுவது பண்பாட்டுப் பன்மைக்கு ஊறு என்றார். தொடரின் தலைப்புப் பட்டியலில் கம்பனும் மூல ஆசிரியர்களுள் ஒருவராக இடம்பெற்றார். ஆனால் கதைப்போக்கில் வட இந்தியக் கவிஞர் துளசிதாசரின் குரலே ஓங்கியது. தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஆய்வாளர் பிலிப் லூட்கண்டோர்ஃப் வேறு கோணத்தில் பார்த்தார். பலர் குறைகூறிய மெதுவான நடையும் நீண்ட முக அண்மைக் காட்சிகளும் ராம்லீலா நாடகத்தின், தரிசனத்தின் மரபிலிருந்து வந்தவை என்பது அவர் வாதம்.

1988-இல் பி. ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' வந்தது. வசனம் ராஹி மாசூம் ரஸா. திரௌபதி துகிலுரியப்படும் காட்சியைப் பெண்கள் எப்படி உள்வாங்கினர் என்பதை டெல்லியில் அவர்களிடமே கேட்டறிந்தார் ஆய்வாளர் பூர்ணிமா மன்கேகர். அவர்கள் அதில் தம் வாழ்வின் பாதுகாப்பின்மையைக் கண்டனர். இத்துறையில் மிக மதிப்புள்ள பணி இதுவே. அவரது நூல் 1999-இல் வெளியானது.

'ராமாயண்' தொடருக்கும் இந்துத்துவ அரசியலின் எழுச்சிக்கும் உள்ள உறவை ஆய்வாளர் அரவிந்த் ராஜகோபால் 2001-இல் வெளிவந்த நூலில் ஆராய்ந்தார். 2020 ஊரடங்கின்போது தூர்தர்ஷன் 'ராமாயண்' தொடரை மீண்டும் ஒளிபரப்பியது.