கண்டி நகரும் அதன் தொழில்முறைத் துடுப்பாட்ட அணியும்

ஒரு நகரத்தின் பெயரைத் தாங்கி விளையாடும் அணி எப்போது அந்நகரத்திற்கு உரியதாகின்றது என்னும் வினா, தொழில்முறை விளையாட்டு தோன்றிய காலந்தொட்டே எழுந்து வருவதாகும். ஐக்கிய அமெரிக்காவின் சின்சினாட்டி நகரம் 1869இல், வீரர்களுக்கு வெளிப்படையாக ஊதியம் வழங்கிய பேஸ்போல் அணியைக் களமிறக்கியது. அவ்வழியில் வளர்ந்த அணிகளுள் ஒன்றாகிய புரூக்ளின் டொட்ஜேர்ஸ், 1957ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் உரிமையாளரின் முடிவினால் லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் பெயர்ந்தது. ஊர் இருந்த இடத்தில் இருக்க, அணி மட்டும் போய்விட்டது. கண்டியின் வரலாறு இதனின்றும் வேறுபட்டது. கண்டியில் மைதானமும் வீரரும் இருந்த காலத்தில் தொழில்முறை அணி இருக்கவில்லை. அணி தோன்றிய காலத்தில் அது ஊரின் மைதானத்தில் ஆடவில்லை.

மைதானத்தின் கதை முதலில் நோக்கத்தக்கது. திரித்துவக் கல்லூரியின் அதிபராக 1904 முதல் 1924 வரை பணியாற்றிய வண. ஏ. ஜி. பிரேசர் காலத்தில், அஸ்கிரிய மலைப்பகுதியில் நிலம் வெட்டிச் சமப்படுத்தப்பட்டு, 1915இல் கல்லூரி மைதானம் திறந்து வைக்கப்பட்டது. இலங்கை 1981இல் டெஸ்ற் தகுதி பெற்றதைத் தொடர்ந்து அது விரிவாக்கப்பட்டது. 1983 ஏப்ரலில் அவுஸ்திரேலிய அணி அங்கு டெஸ்ற் போட்டியில் ஆடியது. பாடசாலையொன்றுக்குச் சொந்தமான மைதானம் சர்வதேசக் களமாக உயர்ந்தமை உலகத் துடுப்பாட்ட வரலாற்றில் அரிதாகக் காணப்படும் நிகழ்ச்சியாகும்.

கண்டிப் பாடசாலைகள் வீரரை உருவாக்கின. எனினும் அவர்களைத் தன்பால் நிறுத்தி வைக்கும் ஆற்றல் நகருக்கு இருக்கவில்லை. இலங்கையின் கழகத் துடுப்பாட்டம் பெரிதும் கொழும்பை மையமாகக் கொண்டிருந்தமையே இதற்குக் காரணம். கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்ற முத்தையா முரளிதரன் கொழும்பின் தமிழ் யூனியன் கழகத்தில் இணைந்தார். திரித்துவக் கல்லூரியில் பயின்ற குமார் சங்கக்கார நொன்டெஸ்கிறிப்ற்ஸ் கழகத்திற்கு ஆடினார். உயர்நிலை அடைய விரும்பிய மலைநாட்டு இளைஞனுக்குக் கொழும்புப் பயணம் தவிர்க்க இயலாததாயிற்று.

முரளிதரனின் வரலாறு இவ்விடத்திற் சிறப்பாகக் கருதத்தக்கது. 1977ஆம் ஆண்டின் இனவன்செயலின்போது அவருடைய தந்தையாரின் பிஸ்கற் தொழிலகம் தீக்கிரையாயிற்று. அக்குடும்பம் கண்டியை விட்டகலாது தொழிலை மீளக் கட்டியெழுப்பியது. 2007 டிசம்பர் 3ஆந் திகதி அதே ஊரின் அஸ்கிரிய மைதானத்தில், இங்கிலாந்தின் போல் கொலிங்வூட்டை ஆட்டமிழக்கச் செய்து, ஷேன் வோணின் 708 விக்கெற்றுக்கள் என்னும் உலக சாதனையை அவர் கடந்தார். அதுவே அம்மைதானத்தின் இறுதி டெஸ்ற் போட்டியாகவும் அமைந்தது. பின்னர் சர்வதேச ஆட்டங்கள் நகருக்கு வெளியேயுள்ள பல்லேகலை அரங்குக்கு மாறின. 2010இல் அவ்வரங்கிற்கு முரளிதரனின் பெயரைச் சூட்ட மத்திய மாகாண சபை தீர்மானித்தது.

இதன் பின்னரே வணிகநோக்குடைய அணி தோன்றியது. 2008இல் இந்தியாவில் தொடங்கிய பிரிமியர் லீக்கின் வெற்றியைப் பின்பற்றி, 2012இல் ஸ்ரீலங்கா பிரிமியர் லீக் நடத்தப்பட்டது. அதில் 'கந்துரட்ட வொரியர்ஸ்' மலைநாட்டின் பெயரால் ஆடியது. அத்தொடர் ஓராண்டுடன் முடிவுற்றது. 2013இல் 'கந்துரட்ட மரூன்ஸ்' என்னும் மாகாண அணி, இந்தியாவில் நடைபெற்ற சம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றுக்குச் சென்றது. அச்சுற்றில் இந்தியாவின் ஹைதராபாத் அணியும் ஆடியது. அவ்வணியுடனும் ஒப்பந்தம் கொண்டிருந்த சங்கக்கார, மலைநாட்டு அணியையே தேர்ந்தெடுத்தார். அணி தகுதிச் சுற்றைத் தாண்டவில்லை. ஆயினும் வசதிமிக்க வெளிநாட்டு அணியை விடுத்து ஊரின் அணிக்கு ஆடிய அத்தெரிவு, கோப்பையொன்றினும் குறைந்த மதிப்புடையதன்று.

2020 நவம்பரில் லங்கா பிரிமியர் லீக் ஆரம்பமாயிற்று. அதன் முதலாட்டத்திலேயே 'கண்டி டஸ்கேர்ஸ்' கொழும்பு அணியுடன் மோதியது. இரு அணிகளும் 219 ஓட்டங்களைப் பெற்றுச் சமநிலை அடைய, சிறப்பு ஓவரில் கொழும்பு வென்றது. பெருந்தொற்றுக் காரணமாக அத்தொடர் முழுவதும் அம்பாந்தோட்டையில், பார்வையாளர் இன்றியே நடந்தது. ஐந்து அணிகளுள் கண்டி இறுதியிடம் பெற்றது. 2021இல் பெயர் 'கண்டி வொரியர்ஸ்' என மாறியது. கொழும்பிலும் அம்பாந்தோட்டையிலும் ஆட்டங்கள் நடந்தன. இடமோ மீண்டும் கடைசியே. இவ்வாறு முதலிரு பருவங்களிலும் கண்டி அணியைக் கண்டி மக்கள் தம் மண்ணிற் காணவில்லை.

2022இல் 'கண்டி பல்கன்ஸ்' என்னும் பெயருடன் வந்த அணி, பல்லேகலையில் ஆடும் வாய்ப்பைப் பெற்றது. சுற்றுப் புள்ளிப் பட்டியலில் முதலிடத்தையும் அடைந்தது. 2023இல் அனுசரணை நிறுவனத்தின் பெயரைச் சேர்த்து 'பி-லவ் கண்டி' ஆயிற்று. அவ்வாண்டு ஆகஸ்ற் 20ஆந் திகதி கொழும்பில் நடந்த இறுதியாட்டத்தில் தம்புள்ளை அணியை ஐந்து விக்கெற்றுக்களால் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. தொடரில் 279 ஓட்டங்களையும் 19 விக்கெற்றுக்களையும் பெற்று இரு துறைகளிலும் முதலிடம் வகித்த அணித்தலைவர் வனிந்து ஹசரங்க, காயத்தினால் இறுதியாட்டத்தில் ஆடவில்லை. அஞ்சலோ மத்தியூஸ் தலைமை தாங்கினார். 2024இல் அணி மீண்டும் 'பல்கன்ஸ்' ஆயிற்று.

ஐந்து பருவங்களில் நான்கு பெயர்கள் என்பது வெறும் விளம்பரச் செய்தியன்று. உரிமையும் அனுசரணையும் மாறுந்தோறும் கொடியும் பெயரும் மாறுமாயின், தந்தை ஆதரித்த அணியை மகனும் ஆதரிக்கும் மரபு வேரூன்ற இடமில்லை. வீரரை ஏலத்தில் வாங்கும் முறையில் அணிக்கு வெற்றி ஓராண்டிற் கிட்டலாம். ஊரோடுள்ள உறவு அவ்வாறு கிட்டுவதன்று. கண்டியிடம் அவ்வுறவுக்குரிய மூலப்பொருள் உண்டு. மலையை வெட்டி மைதானம் அமைத்த பாடசாலையும், எரிந்த தொழிலகத்தின் பின்னரும் ஊரை விட்டு நீங்காத குடும்பத்தின் மகனும் அதன் வரலாற்றின் பகுதிகளே. அணியின் பெயரில் மாறாது நிலைத்த ஒரே சொல் 'கண்டி' என்பதாகும். அச்சொல்லுக்குரிய பாடசாலைகளிலிருந்து வீரரையும், பல்லேகலையில் ஆண்டுதோறும் ஆட்டங்களையும் பெறும் நாளிலேயே அவ்வணி கண்டியின் அணியாகும்.