கீஸ் அவை இடைத்தேர்தல்கள்

மாண் தீவின் கீழவையான கீஸ் அவையில், பதவிக்காலம் முடியுமுன் காலியாகும் இடங்களை நிரப்ப நடத்தப்படுபவை கீஸ் அவை இடைத்தேர்தல்கள். ஐரியக் கடலில் 572 ச.கி.மீ. பரப்புள்ள இத்தீவு, ஐக்கிய இராச்சியத்தில் சேராத பிரித்தானிய முடியாட்சிச் சார்பு நாடு. 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 84,069.

வரலாறு

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, காலியிடத்துக்கு இருவர் பெயரைக் கீஸ் உறுப்பினர்களே முன்மொழிவர். அவர்களில் ஒருவரை ஆளுநர் தேர்ந்தெடுப்பார். 1866 சட்டத்தால் அம்முறை ஒழிந்து, 1867இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. அதன்பின் இடையில் விழும் இடங்களையும் வாக்காளர்களே நிரப்பலாயினர்.

காரணங்கள்

இறப்பு, பதவி விலகல் ஆகியவற்றோடு, உறுப்பினர் மேலவைக்குச் செல்வதும் இடைத்தேர்தலுக்குக் காரணமாகிறது. சட்ட மேலவையின் 8 உறுப்பினர்களைக் கீஸ் அவையே தேர்ந்தெடுக்கிறது. தன் உறுப்பினர் ஒருவரையே அது தேர்ந்தெடுத்தால் அவரது தொகுதி காலியாகும். 2015இல் டேவிட் கிரெட்னியும் டேவிட் ஆண்டர்சனும் இவ்வாறு மேலவைக்குச் சென்றதால் டக்ளஸ் தெற்கிலும் கிளென்ஃபாபாவிலும் இடைத்தேர்தல் வந்தது; முறையே பில் மலார்க்கியும் ரே ஹார்மரும் வென்றனர். இரு அவைகளும் கூடும் டின்வால்டு நாடாளுமன்றத்தின் தலைவர் பொறுப்புக்குச் செல்பவரும் கீஸ் இடத்தை விட்டாக வேண்டும். 1946 முதல் கார்ஃப் தொகுதி உறுப்பினராகவும் 1962 முதல் அவைத்தலைவராகவும் இருந்த சார்லஸ் கெர்ருஷ், 1990இல் அப்பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

வாக்களிப்பு

2016 முதல் அவையின் 24 இடங்களும் 12 இரட்டை உறுப்பினர் தொகுதிகளாக உள்ளன. பொதுத்தேர்தலில் ஒருவர் இரண்டு வாக்குகள் வரை அளிக்கலாம். இடைத்தேர்தலில் நிரப்ப வேண்டியது பெரும்பாலும் ஓரிடமே என்பதால் வாக்கும் ஒன்றே. 2006 முதல் வாக்களிக்கும் வயது 16. உறுப்பினர்களில் பெரும்பாலோர் சுயேச்சைகள். ஆகவே கட்சிச் செல்வாக்கைவிட வேட்பாளரின் உள்ளூர் அறிமுகமும் கொள்கை விளக்கமுமே முடிவைத் தீர்மானிக்கின்றன.

குறிப்பிடத்தக்க தேர்தல்

சொத்துடைய பெண்கள் 1881இலேயே வாக்குரிமை பெற்றபோதிலும், கீஸ் அவையில் ஒரு பெண் இடம்பெற 1933 வரை ஆனது. பீல் நகர உறுப்பினர் கிறிஸ்டோபர் ஷிம்மின் மறைந்ததால் நடந்த இடைத்தேர்தலில் அவர் மனைவி மரியன் ஷிம்மின் வென்று, அவையின் முதல் பெண் உறுப்பினரானார்.