வலை அறுந்தவன் பேசட்டும்!

மாமல்லபுரம் செல்வோர் கடற்கரைக் கோயிலைக் காண்கின்றனர். ஐந்து ரதங்களைச் சுற்றுகின்றனர். கற்சிற்பத்தின் எழிலை வியந்து வீடு திரும்புகின்றனர். அதே கரையோரமாகத் தெற்கே சில கல் தொலைவு நடந்தால் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர் கட்டிய கோட்டை ஒன்று அங்கே சிதைந்து நிற்கிறது. அங்கே கலையழகு குறைவு, பாடமோ பெரிது! சமாதானம் எவ்வாறு பிறக்காமலே சாகிறது என்பதை அறிய விரும்பும் இளைஞன் காணவேண்டிய இடம் அது.

1754 ஜனவரித் திங்கள். கர்நாடக மண்ணில் ஆங்கிலக் கும்பினியும் பிரெஞ்சுக் கும்பினியும் ஆண்டுக்கணக்கில் போரிட்டுக் களைத்திருந்தன. செங்கற்பட்டுக் கோட்டையே 1752இல் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து கிளைவின் கைக்கு மாறியிருந்தது. டச்சுக்காரர் எப்பக்கமும் சேராதவர். ஆகவே அவர்களுடைய சதுரங்கப்பட்டினத்தில் இரு தரப்புத் தூதர்களும் கூடினர். ஆங்கிலேயர் சார்பில் வந்தவர்கள் ராபர்ட் பாக், ஹென்றி வான்சிட்டார்ட்.

பேசியது யாது? முகமது அலியே நவாப் என்றது சென்னை. தக்காணத்துச் சுபேதார் அளித்த அதிகாரம் துய்ப்ளேக்கே உரியது என்றது புதுச்சேரி. பத்திரங்கள் காட்டப்பட்டன, அவற்றின் மெய்ம்மை ஐயுறப்பட்டது. பட்டம் யாருக்கு, பத்திரம் யாருடையது என்ற வழக்கிலேயே மாநாடு முறிந்தது! படைகள் மிதித்த வயலுக்கு உரியவன் அங்கே இல்லை. தறியை விட்டோடிய நெசவாளி இல்லை. கரையில் வலை உலர்த்திய மீனவன் இல்லை. இழந்தவன் எவனும் அழைக்கப்படாத மேசை அது. அவ்வாண்டே துய்ப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். தற்காலிக உடன்பாடு ஒன்று எழுதப்பட்டது. சில ஆண்டுகளில் மீண்டும் போர். 1760இல் வந்தவாசிக் களம்.

தோழரே, அந்த ராபர்ட் பாக் பின்னாளில், 1763இல், சென்னையின் கவர்னரானார். தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள கடலை நாம் பாக்கு நீரிணை என்கிறோமே, அது வெற்றிலையோடு சேரும் பாக்கு அன்று. இந்தப் பாக்கின் பெயர்தான்! முறிந்துபோன மாநாட்டுக்கு வந்தவரின் பெயரைத் தாங்கிய அந்தக் கடலிலும் சமாதானம் முறிந்தே கிடக்கிறது.

1974இல் புதுடில்லியும் கொழும்பும் அக்கடலில் எல்லை வகுத்தன. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் சென்றது. 1976இல் மன்னார் வளைகுடாவிலும் கோடு நீண்டது. தலைமுறை தலைமுறையாக அந்நீரில் வலை வீசியவனை மேசைக்கு அழைத்தார்களா? இல்லை. சதுரங்கப்பட்டினத்துப் பழக்கம் அவ்வளவு எளிதில் சாவதில்லை!

பின்னர் 1983 முதல் 2009 வரை இலங்கையில் போர். வடபுலத் தமிழ் மீனவன் கடலுக்குச் செல்லத் தடை. ஊரை விட்டே ஓடவேண்டிய நிலை. அதே காலத்தில் நம் கரையில் இழுவைப்படகுகள் பெருகின. கடலின் அடித்தரையைச் சுரண்டி, குஞ்சு மீன் முதல் அனைத்தையும் அள்ளும் மடி அது. போர் ஓய்ந்து வடபுல மீனவன் சிறுபடகில் கடலுக்குத் திரும்பியபோது, அவன் இரவில் விரித்து வைத்த வலையை அறுத்துச் சென்றது எது? நம் கரையிலிருந்து போன படகு!

மறைக்காமல் சொல்வோம். இலங்கைக் கடற்படையின் குண்டுக்குப் பலியான தமிழகத்து மீனவர் பலர். சிறைப்பட்டோர், படகிழந்தோர் மிகப் பலர். அக்கொடுமையைக் கண்டிக்க நமக்கு நாத் தழுதழுக்காது. ஆனால், மறுகரைத் தமிழனின் வலையை நம் கரைத் தமிழன் அறுக்கிறான் என்று சொல்லும்போது மட்டும் மேடை ஏன் மௌனமாகிறது? தன் பக்கத்துத் தவறைக் காணாத கண் பகுத்தறிவின் கண் ஆகுமா?

மேடை பேசாததை மீனவர் பேசினர். 2004 மே மாதம் தமிழக மீனவர் குழு ஒன்று கடல் கடந்து சென்று வடபுல மீனவரைச் சந்தித்தது. 2010 ஆகஸ்டில் அவர்கள் இங்கு வந்தனர். கரையோர ஊர்களில் உழைப்பவரோடு உழைப்பவர் பேசினர். முடிவு? ஓராண்டுக்குள் அந்நீரில் இழுவை மடியை நிறுத்துவது. அதுவரை ஆண்டுக்கு 70 நாள் மட்டும், கரையை நெருங்காமல் தொழில் செய்வது. தன் பிழைப்பைக் குறைத்துக்கொள்ள ஒருவன் உடன்பட்டான். தன் இழப்பைச் சிலகாலம் பொறுக்க மற்றவன் உடன்பட்டான். அரசுகள் காணாத விவேகம் அன்றோ இது!

ஆயினும் அந்த உடன்பாட்டுக்குச் சட்டத்தின் வலு கிடைக்கவில்லை. கடனில் வாங்கிய படகை விட்டு வேறு தொழிலுக்கு மாற வழியும் காட்டப்படவில்லை. 2015 மார்ச்சில் சென்னையில் மீண்டும் பேசினர். நம்மவர் ஆண்டுக்கு 83 நாள் வீதம் மூன்றாண்டு அவகாசம் கேட்டனர். முன்பே ஏமாந்தவர்கள் மறுத்தனர். 2017இல் இலங்கை இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டில் இங்கே மூன்றாண்டுகளில் 2,000 படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. 2025 மார்ச்சில் வவுனியாவில் இருகரை மீனவரும் மறுபடியும் அமர்ந்தனர். களைத்தும் கைவிடவில்லை அவர்கள்!

பாலஸ்தீனத்தைப் பாருங்கள். 1993இல் தலைவர்கள் ஓஸ்லோ உடன்பாட்டில் கையொப்பமிட்டுக் கை குலுக்கினர். 2000இல் காம்ப் டேவிட்டில் பேச்சு முறிந்தது. ஆனால் 1995இல், மகனைப் பறிகொடுத்த ஓர் இஸ்ரேலியத் தந்தை தொடங்கிய பெற்றோர் வட்டத்தில், பிள்ளைகளை இழந்த இஸ்ரேலியரும் பாலஸ்தீனியரும் பல்லாண்டுகளாக ஒன்றாக அமர்கின்றனர். 2023 அக்டோபருக்குப் பின் மூண்ட பேரழிவை அவர்களால் தடுக்க முடிந்ததா? முடியவில்லை. படையும் ஆணையும் அவர்கள் கையில் இல்லை. ஆனால், எதிரிக்கும் கண்ணீர் உண்டு என்ற உண்மையை அவர்கள் சாகவிடவில்லை. நாளை எவரேனும் சமாதானம் எழுத வந்தால், எழுதுவதற்குரிய தாள் அவர்களிடமே இருக்கும்.

இளந்தோழர்களே! பாதிக்கப்பட்டவன் இல்லாத மேசை வெறும் மரம். பாதிக்கப்பட்டவர்கள் தாமே செய்த உடன்பாடோ, அரசு தோள் கொடுக்காவிட்டால் வெறும் தாள். முன்னதைச் சதுரங்கப்பட்டினம் காட்டியது. பின்னதைப் பாக்கு நீரிணை காட்டுகிறது. இடைவெளியை நிரப்புவது நம் பணி. "மீனவர் விடுதலை" என்று முழங்கும் ஒவ்வொரு கூட்டத்திலும், மீனவர் தாமே செய்த உடன்பாடு என்னவாயிற்று என்றும் கேளுங்கள். கடனைத் தீர்த்து மாற்றுத்தொழில் தா என்று நம் அரசைக் கேளுங்கள். மறுகரையில் அறுந்த வலைக்கு யார் ஈடு செய்வது என்று நம்மையே கேளுங்கள். மூன்றாவது கேள்வி கசக்கும். அதைக் கேட்கும் துணிவு வந்த நாளில்தான், அந்த மேசையில் நமக்கும் அமரத் தகுதி பிறக்கும்!