சைக்ளோன்: புயல் அல்ல, மண் வேலை

சைக்ளோன் என்ற சொல் பிறந்தது கல்கத்தாவில். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்து, சுழன்றடிக்கும் புயலுக்கு 1840-களில் அந்தப் பெயரை வைத்தவர் ஹென்றி பிடிங்டன்.

கட்டுமானப் பொறியாளர்களின் சைக்ளோன் வேறு. 'சைக்ளிக் ஆபரேஷன்ஸ் நெட்வொர்க்' என்பதன் சுருக்கம் அது; சுழன்று வரும் வேலைகளின் வலை என்று சொல்லலாம். 1970-களில் அமெரிக்காவில் டேனியல் ஹால்பின் உருவாக்கிய பாவனைக் கணிப்பு முறை. சுருக்கப்பெயர்கள் பலவும் இழுத்துக் கட்டியவைதான். இது பொருளோடு பொருந்திவிட்டது.

பொக்லைன் மண் அள்ளிப் போட, டிப்பர் நிரம்பி, போய்க் கொட்டிவிட்டுத் திரும்புகிறது. லோடு ஏற்ற 3 நிமிடம், போய்வர 12 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நடைக்கு 15 நிமிடம். 5 டிப்பர் போதும் என்கிறது காகிதக் கணக்கு. களத்தில் ஒரு நடை 11 நிமிடத்தில் முடியும், அடுத்தது சேற்றில் சிக்கி 20 ஆகும். ஒரு நேரம் மூன்று லாரிகள் வரிசையில் நிற்கும்; இன்னொரு நேரம் பொக்லைன் சும்மா உறுமிக்கொண்டிருக்கும். வீணான அந்த நிமிடங்கள் திரும்பக் கிடைப்பதில்லை. அதனால் உண்மையில் அள்ளும் மண், கணக்கைவிடக் குறைவு.

இந்தக் காத்திருப்பைத்தான் சைக்ளோன் படமாக வரைகிறது. நடக்கும் வேலைக்குச் சதுரம், காத்திருப்புக்கு வட்டம். வட்டத்தின் ஓரத்தில் ஒரு சாய்கோடு. பார்க்க ஆங்கில 'க்யூ' எழுத்து மாதிரியே இருக்கும். நேரங்களைக் குலுக்கிப்போட்டுக் கணினி பலமுறை ஓட்டிப் பார்க்கும்.

1990-களில் ஹூலியோ மார்ட்டினெஸ் உருவாக்கிய அடுத்த தலைமுறைக் கருவியின் பெயர் ஸ்ட்ரோபோஸ்கோப். அதுவும் சுருக்கப்பெயர்தான்.