பூட்டிய வாயும் பழைய மேடையும்

வாயைப் பூட்டிவிட்டால் கருத்துச் செத்துவிடும் என்று எண்ணினான் பிரன்சுவிக் கோமகன். ஆண்டு 1778. பூட்டப்பட்டது லெசிங்கின் வாய்!

யார் இந்த லெசிங்? ஜெர்மன் நாட்டுக் காமென்ஸ் நகரில் 1729இல் பிறந்த பாதிரி மகன். சமயக் கல்வி பயில அனுப்பப்பட்டவர், நாடகத்தை நாடினார். 1770 முதல் வோல்பன்பூட்டல் நகரில், கோமகனின் நூலகக் காப்பாளர்.

வேத நூல் கூறும் அற்புதங்களை அறிவுத் துலாக்கோலில் நிறுத்துப் பார்த்தார் ரெய்மாரஸ் என்ற ஆசிரியர். எழுதினார், அச்சேற்ற அஞ்சினார், 1768இல் மறைந்தார். அந்த ஏடுகளை, எழுதியவர் பெயரை மறைத்து, பகுதி பகுதியாக வெளியிட்டார் லெசிங். ஹாம்பர்க் நகரத் தலைமைப் பாதிரி கெட்சே சீறினார். லெசிங் விடையளித்தார். மறுப்பும் மறுப்புக்கு மறுப்புமாக மூண்டது போர். வாதத்தில் வெல்ல முடியாதவர்களுக்கு எப்போதும் உதவுவது அரசாணைதானே! தணிக்கையின்றி அச்சிட லெசிங்குக்கு இருந்த உரிமையைப் பறித்தான் கோமகன்.

லெசிங் ஒடுங்கவில்லை. தமது பழைய மேடையான நாடக அரங்கிலேனும் தம்மைப் பேச விடுகிறார்களா, பார்ப்போம் என்று தோழி ஒருவருக்கு எழுதினார். 1779இல் வெளிவந்தது ‘அறிவாளி நாத்தான்’.

களம், சிலுவைப் போர்க்கால ஜெருசலம். நாத்தான் ஒரு யூத வணிகன். மனைவியையும் ஏழு மைந்தரையும் மதவெறித் தீக்குப் பறிகொடுத்தவன். அவன் கைக்கு வந்து சேர்கிறது ஒரு கிறிஸ்தவக் குழந்தை. தன் மகளாகவே வளர்க்கிறான். நாடகத்தில் வரும் தலைமைக் குருவுக்கு அந்த அன்பு பெரிதாகப் படவில்லை. ஞானக் குழந்தையை யூதன் வளர்த்தானா, எரியுங்கள் அவனை என்கிறார். கெட்சேயை அரங்கேற்றிவிட்டார் லெசிங் என்று அன்றே பேசிக்கொண்டார்களாம், பேசாமலிருந்தால்தான் வியப்பு!

எந்த மதம் மெய் என்று சுல்தான் சலாவுதீன் வினவ, மூன்று மோதிரக் கதை சொல்கிறான் நாத்தான். மூன்று மைந்தர், மூன்று மோதிரம், ஒன்றே அசல். அவரவர் நடத்தையால் மெய்ப்பியுங்கள் என்கிறார் வழக்கைக் கேட்ட நடுவர். மோதிரமே எதற்கு என்று கேட்கவில்லையே என நமக்குக் குறைதான். ஆனால் அதே நடுவர், அசல் மோதிரம் தொலைந்தே போயிருக்கலாம் என்றும் சொல்லிவிடுகிறார். 1779இல் அதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

இவ்வளவும் ஏட்டில் கிடைப்பவை. நாடக வரலாறோ ஏட்டோடு முடிவதில்லை. எந்த நாளில், எவர் முன்னே திரை தூக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் நாடகம் விளங்கும்.

லெசிங் 1781இல் மறைந்தார். தம் நாத்தானை மேடையில் காணவில்லை. 1783இல் பெர்லினில் அரங்கேறியது, வரவேற்பில்லை. 1801இல் ஷில்லர் சுருக்கித் தர, வைமாரில் நடந்தது. பிறகு ஜெர்மன் மேடைகளின் நிலையான நாடகமாயிற்று.

வந்தது 1933! இட்லரின் ஆட்சியில் ஜெர்மன் அரங்குகளிலிருந்து நாத்தான் விரட்டப்பட்டான். யூத நடிகர்களும் விரட்டப்பட்டனர். அவர்கள் யூதர் பண்பாட்டுக் கழகம் கண்டனர். நடிப்பவரும் யூதர், காண்பவரும் யூதர், மற்றையோர் நுழையக்கூடாது. அக்டோபர் முதல் நாள், பெர்லினில் அவர்கள் நடத்திய முதல் நாடகம் எது? நாத்தான்தான்!

எல்லோரும் ஒருவரையொருவர் தழுவிக்கொள்ளத் திரை விழவேண்டும் என்பது லெசிங்கின் குறிப்பு. அன்றைய மேடையில் நாத்தான் மட்டும் தனியே நின்றான். ஏட்டிலே ஓர் எழுத்தும் மாறவில்லை, நாடகம் மாறிவிட்டது. தழுவ வேண்டியவர்கள் அரங்குக்கு வெளியே, கையுயர்த்தி இட்லரை வாழ்த்திக்கொண்டிருந்தார்கள்.

1941இல் அந்தக் கழகமும் மூடப்பட்டது.

போர் முடிந்தது. இடிபாடுகளுக்கிடையே, 1945 செப்டம்பர் 7ஆம் நாள், பெர்லின் நகரின் ‘டாய்ச்சஸ் தியேட்டர்’ மீண்டும் திறந்தது. முதல் நாடகம் நாத்தான். நாத்தானாக நடித்தவர் பவுல் வேகனர். இயக்கியவர் பிரிட்ஸ் விஸ்டன். யூதர் பண்பாட்டுக் கழகத்தின் மேடையை, அது மூடப்படும் நாள்வரை நடத்தி, உயிர் பிழைத்திருந்தவர்.